படத்தில் வந்த தாய்

எங்கள் வீட்டில் குண்டு விழுந்த மூன்றாம் நாள் காலையில் அம்மா வளவு முழுவதையும் கூட்டி முடித்திருந்தார். உடையாத ஓடுகளைத் தனியாக அடுக்கி, அரை ஓடுகளை வேலியோரம் குவித்து, தூள் துகள்களை உரப்பையில் அள்ளிக் கட்டி, முற்றத்துக்குச் சாணித் தண்ணீரும் தெளித்திருந்தார். பிறகு குளித்து, தோய்த்த சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு பாதி இடிந்த விறாந்தையில் வந்து இருந்தார். சண்டிலிப்பாயில் நல்லதோ கெட்டதோ, விடிந்தால் முற்றம் கூட்டியாக வேண்டும். கூட்டாத வளவுக்குள் ஒரு பெண் சும்மா இருந்தால் அவளை மனிசி என்றே ஊர் மதிக்காது.

செத்தது என் தங்கச்சி. பன்னிரண்டு வயது. நானும் அம்மாவும் தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த நேரம், அவள் பின் அறையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். பொம்மர் விமானம் ஒருமுறைதான் தாழப் பதிந்தது. பின் அறையும் குசினியும் போய்விட்டன. அப்பா அதற்கு ஆறு வருடம் முன்னரே நோயில் போயிருந்தார். செத்தவீட்டில் அம்மா அழவில்லை. இரண்டு முறை மயங்கி விழுந்தார், அவ்வளவுதான்.

அந்த மூன்றாம் நாள் பத்து மணிபோல போராளி இயக்கத்தின் வீடியோக்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கமெராவை வைத்திருந்தவர் மூக்குக்கண்ணாடி போட்டவர், மரியாதையான மனிதர். வளவைச் சுற்றிப் பார்த்தவரின் முகம் விழுந்துபோயிற்று.

"அம்மா, குறை நினையாதேங்கோ. இப்பிடிக் கூட்டி அடுக்கி வைச்சிருந்தா குண்டு விழுந்த இடமெண்டு ஆர் நம்புவினம்? வெளிநாட்டுச் சனமும் பாக்கப்போற படம்."

"விழுந்தது விழுந்ததுதானே தம்பி. அதுக்காகக் குப்பைக்குள்ளை இருக்கச் சொல்லுறியளோ?" என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பத்தொன்பது வயது. உலகம் பார்த்தால் எல்லாம் நின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பிய வயது. அம்மா அடுக்கிய ஓடுகளை நான்தான் தள்ளி விழுத்தினேன். உரப்பையை அவிழ்த்து முற்றம் முழுக்கக் கொட்டினேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று முப்பது வருடமாக நினைக்கிறேன்.

பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். தபால் கந்தோரில் விபரம் சொல்வது போல அம்மா கமெராவைப் பார்த்துச் சொன்னார். "பன்ரெண்டு வயசு. கணக்கிலை கெட்டிக்காரி." கமெரா கொஞ்ச நேரம் காத்திருந்தது. வேறொன்றும் வரவில்லை.

அந்த நேரம்தான் பக்கத்து வளவு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். மாமி சொந்தமில்லை, ஆனால் சொந்தத்துக்கு மேலே. பிள்ளையில்லாதவர். தங்கச்சிக்கு நாள்தோறும் தலை இழுத்துப் பின்னிவிட்டவர். இரண்டு வீட்டுக்காரரும் படலையைச் சுற்றிப் போகாமல் போக்குவரத்துச் செய்ய வேலியில் விட்டிருந்த அந்த இடைவெளியால், எங்களுக்குச் சோறும் கறியும் கொண்டு வந்திருந்தார். நான் கொட்டிய துகள்களுக்கு நடுவில் ஒரு கொம்பாஸ் பெட்டி நசிந்துபோய்க் கிடந்தது. யார் கண்ணிலும் படாமல் அம்மா உரப்பையின் அடியில் வைத்திருந்த பொருள். தங்கச்சியின் பிறந்தநாளுக்கு மாமி வாங்கிக் கொடுத்தது. சோற்றுப் பெட்டி கையிலிருந்து விழ, மாமி அந்த இடத்திலேயே இருந்து, "என்ரை குஞ்சு, என்ரை செல்லக் குஞ்சு" என்று நெஞ்சில் அடித்து அழுதார். கமெரா அவரிடம் ஓடிப்போயிற்று.

அவர்கள் போன பிறகு அம்மா மறுபடி முற்றத்தைக் கூட்டினார். நான் உதவிக்குப் போனேன். விளக்குமாற்றை என் கையில் தரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் படம் போட்டார்கள். பட்டப்பகலில், யன்னல்களை உரப்பையால் மறைத்து, வெளியே ஜெனரேட்டர் இரைய, உள்ளே வேர்வை நாற்றம். அம்மா வரவில்லை, நான் போனேன். இடிந்த எங்கள் வீடு வந்தது. மாமி அழுதது வந்தது. "பெற்ற மகளைப் பறிகொடுத்த தாய்" என்று ஒரு கனத்த குரல் சொல்லிற்று. அவருக்குப் பின்னால், தோய்த்த சேலையோடு, கையைக் கட்டிக்கொண்டு, அயலிலிருந்து விடுப்புப் பார்க்க வந்தவர் போல என் அம்மா நின்றார். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன். அந்தக் கிழமையே என்னோடு படித்த இரண்டு பேர் இயக்கத்துக்குப் போனார்கள். ஒருத்தி திரும்பி வரவேயில்லை.

அதன்பிறகு துக்கம் விசாரிக்க வெளியூர்ச் சனம் வரத் தொடங்கியது. உடுப்பிட்டியிலிருந்துகூடச் சைக்கிள் மிதித்து வந்தார்கள். வந்தவர்கள் நேரே மாமி வீட்டுக்குத்தான் போனார்கள். "நானில்லை, அங்கை போங்கோ" என்று மாமி முதலில் வேலிப் பொட்டைக் காட்டினார். வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அம்மாவைப் பார்த்து, குழம்பிப்போய்த் திரும்பினார்கள். பிறகு மாமிக்கும் அலுத்துவிட்டது. பேசாமல் ஆளுக்கொரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்து அனுப்பினார்.

வெளியூராரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உள்ளூர்ச் சனத்தைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. செத்தவீட்டில் மயங்கி விழுந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்த அதே மனிசி, கோயில் வீதியில் வைத்துச் சொன்னார்: "பெத்த பிள்ளை செத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. படத்திலை பாத்தனாங்கள்தானே." கையால் தாங்கியது மறந்துபோயிற்று, திரையில் கண்டது நின்றுவிட்டது. அம்மா கோயிலுக்குப் போவதை விட்டார். மாமி வெட்கத்தில் எங்கள் பக்கம் வருவதை விட்டார். ஒருநாள் பார்த்தால் வேலிப் பொட்டு தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், மிச்சமிருந்த ஒரேயொரு சிநேகிதமும் அப்படிப் போயிற்று.

ஒரு வருடம் போனது. திவசம் கழிந்த அடுத்த கிழமை, அதே மண்டபத்தில் அதே படம் மறுபடி வந்தது. "நானும் வாறன்" என்றார் அம்மா. கடைசி வரிசை வாங்கில் இருந்தோம். முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாமி அழுதபோது அம்மா முன்னுக்குச் சாய்ந்து, கண் வெட்டாமல் பார்த்தார். தன் உருவம் வந்ததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே வேலிக்குப் போய்க் கிடுகின் கட்டை அவிழ்த்தார். சத்தம் கேட்டு மாமி ஓடி வந்தார். "அக்கா, நான் அண்டைக்கு அழுதிருக்கப்படாது. உங்கடை இடத்தை நான் எடுத்துப்போட்டன்" என்றார்.

"நீயும் அழாட்டி என்ரை பிள்ளைக்கு அழுறதுக்கு ஆர் இருந்தது?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அந்தப் பொட்டுக்குள்ளேயே குந்தி இருந்து அழுதார். ஒரு வருடத்து அழுகை. மாமி அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகவில்லை. எனக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்தது.

தொண்ணூற்றைந்தில் ஆமி வர, வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது மூன்று பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பறையின் ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்தது. அம்மா எங்கிருந்தோ ஒரு தும்புக்கட்டை வாங்கி வந்து அந்த மூலையைக் கூட்டத் தொடங்கினார். பக்கத்து மூலைக்காரி மாமியையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே அந்தப் படத்திலை வந்த தாய்?" என்று கேட்டாள்.

"நானில்லைப் பிள்ளை. இவதான் தாய்" என்று மாமி அம்மாவைக் காட்டினார்.

அவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "இவவோ? இவ பின்னாலை சும்மா நிண்டவ, அழேல்லையே!"

அம்மா நிமிர்ந்தார். வேலிப் பொட்டில் கண்டதை இப்போதாவது சொல்லுவோம் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் ஒருமுறை பார்த்தார், நான் மூடிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை, நான் அழேல்லை," என்றார் அம்மா. "காலை ஒருக்காத் தூக்கும், கூட்ட வேணும்."