மச்சான் துப்பாக்கிக்கு நான் பார்த்துக் கொடுத்த சைலன்சர்

என் மனைவியின் அண்ணன் ஏர் கன் வாங்கியதே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு சைலன்சர் பார்த்துத் தரச் சொல்லி என்னிடமே வந்தது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்துக் கொடுத்தேன்.

எனக்கு மைக் செட் தொழில். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊரிலும், குருவிநத்தம் வரைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர் என்றால் என் ஸ்பீக்கர் பாக்ஸ்தான் பாடும். பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்த பாக்ஸில் கோன் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். "எங்க மாப்ளைக்கு பாம்புச் செவி" என்று மச்சான் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவார். அதில் எனக்கும் தலைக்கனம் உண்டு.

எங்கள் ஊர் ஏரிக்குள் கருவேல மரங்கள் நிற்கின்றன. மழை இறங்கியதும் கொக்கும் நீர்க்காகமும் நத்தைக்குத்தி நாரையும் வந்து கூடு கட்டும். அதனால் ஊரில் வெடி கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது. சாவு மேளம்கூட ஏரிக்கரை ஏறியதும் நின்றுவிடும். நான் பாக்ஸ் கட்டினால் ஏரிக்கு முதுகு காட்டித்தான் கட்டுவேன். இந்தக் கட்டுப்பாட்டைக் காவல் காத்தவரே கோயில் கமிட்டியில் இருக்கும் என் மச்சான்தான். ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலத்தில் வெளியூர்க்காரர்கள் சரவெடிக்குத் திரி கிள்ளியபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்தது.

அப்படிப்பட்டவருக்குக் கொக்குக் கறி மூச்சிழுப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இழுப்பு என்பது சாக்கு. எங்கிருந்தோ வாங்கி வந்து ஒருமுறை தின்றிருந்தார், நாக்கு கேட்டது, அவ்வளவுதான். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஊர்ல வெடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு நான்தான் எல்லாரையும் மெரட்டினு கீறன். நானே மீறுனா நல்லாவா இருக்கும்? சத்தம் வராத மாதிரி ஒண்ணு மாட்டணும் மாப்ள. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

"கட்டுப்பாடே பறவைங்களுக்காகத்தான மச்சான் வெச்சது?"

"கட்டுப்பாடு சத்தத்துக்குபா. கொக்கு சுடக்கூடாதுன்னு எந்தக் கூட்டத்துல பேசுனோம்? நீயும்தான இருந்த, சொல்லு."

பேசவில்லைதான். அப்படி ஒருவன் செய்வான் என்று யாருக்கும் தோன்றாததால் பேசவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, பிடித்தால் உள்ளே வைப்பார்களே என்றேன். அது கவர்மெண்டு சமாச்சாரம், ஊர் சமாச்சாரம் வேறு என்றார். கமிட்டியில் இன்னும் இரண்டு பேரிடம் முறையாகச் சொல்லி, ஒப்புதலும் வாங்கிவிட்டாராம். "சத்தம் இல்லன்னா நமக்கு இன்னா" என்றார்களாம் அந்தப் பெரிய மனிதர்கள். காறித் துப்பலாம் போல இருந்தது எனக்கு. துப்பவில்லை.

துப்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. மச்சான் கடைசியாக ஒரு வார்த்தை விட்டார். "நீ மரத்தாண்ட போய் நில்லு, நான் கரையிலேர்ந்து சுடறன். எத்த மாட்னாலும் சத்தம் கேக்குதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, ஆத்தா மேல சத்தியமா, அன்னிக்கே துப்பாக்கிய வாங்குன எடத்துல குடுத்துடறன்." ஆத்தா மேல் சத்தியம் செய்தால் மச்சான் மாற மாட்டார், அது ஊருக்கே தெரியும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகிவிட்டது. எதை மாட்டினாலும் என் காதுக்குக் கொஞ்சமாவது கேட்கும். கேட்கிறது என்று சொன்னால் வேலை முடிந்தது. மரத்தில் இருக்கிற அத்தனை உயிரும் என் ஒரு வார்த்தையில் இருந்தன.

அதற்காகத்தான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சவுண்ட் மாடரேட்டர் என்று அதற்குப் பெயர். குட்டையாக, குண்டாக ஒன்று. நீளமாக, ஒல்லியாக ஒன்று. நீளமானதில் சத்தம் நன்றாக அடங்கும், ஆனால் முன்பாரம். இந்த மரை இந்தக் குழாய்க்குச் சேரும், அதற்குச் சேராது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் வரிசையாகச் சுட்டுக் காட்டி, பக்கத்திலேயே மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மைக்கை வைத்த இடம் தப்பு என்று நான் கடுப்பானேன். ஒருவன் எழுதியிருந்தான்: இதை மாட்டியதில் பெரிய லாபம், ஒன்று விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிறது பறக்காது, அதையும் எடுத்துவிடலாம். அதைப் படித்ததும் நான் போனைத் தூர எறிந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் சரியாகக் கேட்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். ஒரு வாரத்தில் இரண்டைப் பொறுக்கி எடுத்தேன், மச்சான் இரண்டையும் வரவழைத்தார்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஏரியில் தண்ணீர் வற்றி, மரத்தடி வரை நடந்து போகலாம். எச்சமும் அழுகின மீனுமாக அங்கே எப்போதும் நாறும். அந்த நாற்றத்தை நான் ஒரு நாளும் அருவருத்ததில்லை. அன்று மச்சானின் அக்குளில் மடித்து வைத்திருந்த சாக்குப் பைதான் அருவருப்பாக இருந்தது. அது எதற்கு என்றேன். சும்மா என்றார். கரையில் நிற்கும் பனைமரத்தில்தான் சுடப்போவதாகச் சொன்னார். நான் நிபந்தனை போட்டேன். எதை முதலில் மாட்டுகிறார் என்று எனக்குச் சொல்லக் கூடாது. நான் கரைக்கு முதுகு காட்டி நிற்பேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் காது ஏமாறும். ஒன்றில் மூன்று முறை, மாற்றிக்கொண்டு மூன்று முறை. நியாயமான சோதனையாம்.

முதல் மூன்றும் கேட்டன. ஈரத் துணியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினது போலச் சின்னதாக, ஆனால் தெளிவாக. கொக்குகள் தலையைத் தூக்கிப் பார்த்து அடங்கின. நல்லது, அடுத்ததும் இப்படிக் கேட்டால் போதும் என்று நினைத்தேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மாற்றுகிறார் போலிருக்கிறது என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

காலடியில் ஒரு கொக்கு விழுந்தது.

ஒரு சிறகு விரிந்தபடி கிடந்தது, மற்றது உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. சாகவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் மேலே பார்த்தேன். அது இருந்த கிளையிலேயே இன்னொன்று சாவகாசமாக இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. இந்த ஊரில் சத்தத்துக்கு மட்டும் பயந்தால் போதும் என்று அவற்றைப் பழக்கியதே நாங்கள்தான்.

போன் அடித்தது. "இன்னா மாப்ள, கேட்டுச்சா?"

"பனமரம்னுதான சொன்னீங்க மச்சான்."

"கை சும்மா இருக்கல, வுடு. கேட்டுச்சா, கேக்கலியா? அத்த சொல்லு."

கேட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறேன், பந்தல்காரரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். சத்த விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. அந்தக் கொக்கு இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"மொதல்ல மாட்டுனது மூணு வாட்டியும் கேட்டுச்சு. ரெண்டாவது சுத்தம் மச்சான். ஒண்ணுமே கேக்கல. மூணு சுட்டீங்களா?"

"ரெண்டாவதுல மட்டும் ஆறு" என்றார், பூரித்துப்போய். "உன் காதுக்கே கேக்கலன்னா எவன் காதுக்கும் கேக்காது. இதையே வெச்சுக்கலாம். அதென்னா அங்க கீச்சு கீச்சுன்னு?"

தலைக்கு மேல் ஒரு கூட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. "குஞ்சுங்க" என்றேன்.

"ரெண்டு நாள்ல அடங்கிடும், வுடு. அங்கியே நில்லு, சாக்க எடுத்துகினு வர்றன்."

நின்றேன். அவர் வந்ததும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.

மச்சான் சொன்னது தப்பு. அடங்க மூன்று நாள் ஆனது. தினமும் போய் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.