ஓரங்கள் சுத்தம்

மதினியின் சதையை மெழுகில் பதித்தவன் நான்தான். சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டு. வெள்ளை மெழுகுக் கட்டிக்குள் பழுப்பாகத் தெரிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அறுத்தெடுத்த கட்டிகளை மெழுகில் பதித்து, வெங்காயத்தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுக்க வேண்டும். யாருடையது என்று யோசிக்காமல் சீவப் பழகியிருந்தேன். அன்றைக்கு அது அண்ணன் மனைவியின் மார்பிலிருந்து எடுத்தது என்று தெரியும். மூன்று முறை சீவல் கிழிந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அறுத்த ஓரங்களில் புற்று இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று எழுதினார். அது போதும் எனக்கு. மாலையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு விளாங்குடிக்குப் போனேன். அண்ணன் வயலிலிருந்து திரும்பவில்லை. மதினி இடது கையைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய என்னை அண்ணனோடு மல்லுக்கட்டிப் படிக்க வைத்தவர் அவர். கண்ணாடி வழியாக நோயைக் கண்டுபிடிக்கிற உத்தியோகம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் அதை மறுத்ததில்லை. அந்த வயதில் மறுக்கத் தோன்றுமா?

"கரண்டு வைக்க வரணும்னு டாக்டர் சொல்லிருக்காரு தம்பி. நீங்க சொல்லுங்க, போகணுமா?" என்றார். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். உடம்பு கருகிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

"அம்புட்டும் எடுத்தாச்சு மதினி. ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. எதுக்குப் போட்டு உடம்ப வதைக்கணும்?" என்றேன்.

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதினி போகவில்லை.

இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு முதுகு வலித்தது. குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது முதுகுத்தண்டு எலும்பெல்லாம் அரித்திருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகும் வேலையில் இருந்தேன். "ஓரங்கள் சுத்தம்" என்று டாக்டர் எழுதிய தாள்களை எத்தனையோ பேரிடம் கொடுத்தேன். வாயைத் திறந்து விளக்கம் மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

என் மகள் இப்போது இதே நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் வந்தபோது ஒன்று சொன்னாள். கட்டியில் இருக்கும் செல்கள் பொடிப்பொடியான பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். எங்கள் நுண்ணோக்கிக்கெல்லாம் அவை எட்டாது. கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்ப் பந்தல் போடுகிறவர்களைப் போல, அவை எலும்புக்கும் நுரையீரலுக்கும் முன்னதாகப் போய், பின்னால் வரும் புற்றுச் செல் தங்க இடத்தைப் பக்குவம் செய்துவிடுமாம். ஓரத்தை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது என்றாள். பெரியம்மாவுக்கும் அறுப்பதற்கு முன்பே அது நடந்திருக்கலாம், கரண்டு வைத்திருந்தாலும் எலும்பில் வந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம்தான். இல்லாமலும் இருக்கலாம். அதை அவளிடம் கேட்கத் தெம்பில்லை.

ஆனாலும் அந்த 'லாம்' கொடுத்த தைரியத்தில்தான் விளாங்குடிக்குப் போனேன். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. பந்தல் கதையையெல்லாம் முதலில் சொல்லிவிட்டு, கடைசியில், அன்றைக்குப் போக வேண்டாம் என்று சொன்னது நான்தான் அண்ணே என்றேன். நாற்பது வருடம் வாயில் வராத வார்த்தை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்டா," என்றார். "சாகுறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடி அவதான் சொன்னா. தம்பிட்ட இதப் பத்திக் கேட்டுறாதீங்க, அது தாங்காதுன்னா."

அண்ணன் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.