சொல்லாமல் விட்ட இழுப்பு

1. பெஞ்சில் முதல் நாள்

டைம் கீப்பராக நான் செய்த முதல் வேலை, என் வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்த நேரத்தை நோட்டில் எழுதியது. ஓட்டிக்கொண்டு வந்தவர் செல்வராசு. காலை ஒன்பது இருபதுக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது பத்தொன்பதுக்கு வந்தது. ஐந்து நிமிடமாவது லேட்டாக வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை போகும் தனியார் பஸ் அது. பதினோரு வருஷம் நான் ஓட்டினேன். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் டாக்டர் போர்டில் எழுத்துகளைக் காட்டினார். மேல் வரிசை மட்டும்தான் எனக்கு எழுத்தாகத் தெரிந்தது.

முதலாளி நல்ல மனிதர். “சுப்பையா, வீட்டுல ஒக்காந்தா ஒடம்பு கெட்டுரும். ஸ்டாண்டுல டைம் பாருங்க. வண்டிய செல்வராசு பாத்துக்கிருவாரு,” என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

செல்வராசு நாற்பதை ஒட்டிய ஆள். ஆறு வருஷம் ஸ்பேர் டிரைவராக இருந்தவர். யார் லீவு போட்டாலும் அந்த வண்டியை எடுப்பார். தனக்கென்று ஒரு வண்டி இல்லாமல் இருந்தவருக்கு என் வண்டி கிடைத்தது. இப்போது யோசித்தால் நியாயம் என்று படுகிறது. அப்போது அப்படிப் படவில்லை.

2. வண்டி சொல்வது

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கை மாறும்போது பழைய டிரைவர் பானட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து ஒரு டிரிப் போய் வர வேண்டும். எந்தக் கியர் அடம் பிடிக்கும், எந்தத் திருப்பத்தில் பின்பக்கம் தள்ளும், எந்த ஸ்டாப்பில் யார் ஓடி வருவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ‘வண்டி சொல்றது’ என்று பெயர். எந்த நோட்டிலும் எழுத மாட்டோம். வாயால்தான்.

நான் டைம் கீப்பர் பெஞ்சுக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பு அந்த டிரிப் நடந்தது. முந்தின நாள் நல்ல மழை. செல்வராசு சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“சொல்லுங்கண்ணே. ஒங்க வண்டி, ஒங்களுக்குத்தான் தெரியும்.”

“என்னத்தச் சொல்றது. எல்லா வண்டியும் போல இதுவும் ஒரு வண்டி.”

ரெண்டாவது கியர் கொஞ்சம் கடினம் என்று சொன்னேன். சைடு கண்ணாடி ஆடும் என்று சொன்னேன். பார்த்தாலே தெரிகிற சங்கதிகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். முக்கியமானதைச் சொல்லவில்லை.

அந்த வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. இலுப்பூருக்கு முன்னால் ஒரு தரைப்பாலம் வரும். மழைக்காலத்தில் அதன் மேல் அரையடிக்குத் தண்ணீர் ஓடும். அதைத் தாண்டியதும் பிரேக் டிரம்முக்குள் ஈரம் ஏறியிருக்கும். எந்த வண்டிக்கும் அப்போது பிரேக் கொஞ்சம் மந்தமாகும். இந்த வண்டிக்கோ, திடீரென்று அழுத்தினால் முன்பக்கம் இடதுபக்கமாக இழுக்கும். அங்கே இடதுபக்கம் சரிவான வாய்க்கால். மேலே ஏறியதும் மெதுவாக மூன்று தடவை மிதித்து விட்டால் ஈரம் காய்ந்து வண்டி நேராக நிற்கும். பிரேக் லைனர் மாற்றியும் போகாத குணம் இது. நானும் ரெண்டு தடவை புகார் சொல்லிவிட்டு அப்புறம் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அது போகாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மழை நாளில் இந்த வண்டியை ஓட்ட சுப்பையாவை விட்டால் ஆள் இல்லை என்று பேர் இருந்தது.

அன்றைக்குத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மயில் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். டிரிப் முடிந்து இறங்கியபோது வலது கெண்டைக்கால் வலித்தது. சும்மா உட்கார்ந்து வந்தவனுக்குக் கால் ஏன் வலிக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

3. வெள்ளிக்கிழமைப் பூ

அன்னவாசலிலிருந்து பூ விற்க வந்து போகும் ராக்கம்மா, வெள்ளிக்கிழமைதோறும் ஊர் திரும்ப ஸ்டாண்டில் ஏறும்போது ஒரு முழம் கதம்பம் கொண்டுவந்து கண்ணாடிக்கு மேலே இருக்கும் முருகன் படத்துக்குப் போடச் சொல்லிக் கையில் கொடுப்பார். பதினோரு வருஷம் அதை வாங்கிப் போட்டவன் நான். நான் பெஞ்சில் உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமை அதே பூவைச் செல்வராசு கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “புது டிரைவரு அலுங்காம ஓட்டுறாருண்ணே,” என்று வேறு சொன்னார்.

வீட்டில் போய்ப் புலம்பினேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: “அந்தம்மா பூவ வண்டிச் சாமிக்குக் குடுத்துச்சா, ஒங்களுக்குக் குடுத்துச்சா?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

மாதக் கிருத்திகைக்கு விராலிமலைப் படி ஏறுவது என் நெடுநாள் பழக்கம். அந்த மாதமும் ஏறினேன். சன்னிதியில் கண்ணை மூடி நின்று நான் கேட்டதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். செல்வராசு வண்டியை எங்காவது லேசாக உரசிவிட வேண்டும். யாருக்கும் அடி படக் கூடாது. பெயிண்ட் போனால் போதும். அப்போதுதான் சுப்பையாவின் அருமை எல்லோருக்கும் தெரியும். இத்தனை விவரமாக முருகனிடம் வேறு எதையும் நான் கேட்டதில்லை.

4. ரெண்டு பத்து டிரிப்

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இலுப்பூர்ப் பக்கம் காலையிலிருந்தே கொட்டுகிறது என்று அங்கிருந்து வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். மதியம் ரெண்டு பத்து டிரிப்புக்கு வண்டி நின்றது. நிற்க இடமில்லாத கூட்டம். மழை என்று பாதி நாளிலேயே பள்ளிக்கூடம் விட்டதால் பிள்ளைகள் வேறு.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து போனேன். டிரைவர் கதவுக்குக் கீழே நின்று, “செல்வராசு,” என்றேன்.

“என்னண்ணே?”

வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து ராக்கம்மா உள்ளேயிருந்து கையை நீட்டி அவரிடம் பூவைக் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் படத்துக்குப் போட்டார். நான் போடுவது போலவே, இடதுபக்க நுனியைக் கொஞ்சம் தாழவிட்டுப் போட்டார்.

“டைம் ஆச்சு. எடுங்க,” என்றேன்.

வண்டி போய்விட்டது. கால் மணி நேரத்தில் புதுக்கோட்டையிலும் மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டருக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. திரும்பத் திரும்ப அடித்தேன். செல்வராசுக்கு அடிக்க முடியாது. ஓட்டும்போது அவர் போனை அணைத்துவிடுவார். அந்த நல்ல பழக்கத்தின் மேலேயும் எனக்கு முன்பு பொறாமை இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்தடுத்து வந்த வண்டிகளுக்கு நேரம் எழுத மறந்தேன். கண்ணுக்கு முன்னால் அந்த வாய்க்கால் சரிவுதான் நின்றது. பின்சீட்டை ஒட்டி முட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளும் அவர்கள் பைகளும் தெரிந்தன. ‘முருகா, அந்தாளு நல்லபடியா வந்து சேரட்டும். அவரே ஓட்டட்டும், கடைசி வரைக்கும் அவரே ஓட்டட்டும்,’ என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் வெற்றிலை விற்பவர் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ கிருத்திகைக்குப் படி ஏறியிருக்கிறேன். என் வீட்டைத் தாண்டி ஓர் ஆளுக்காக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் படி ஏறாமல், ஈர பெஞ்சில் உட்கார்ந்து.

ஐந்துக்கு வர வேண்டிய வண்டி ஐந்து பன்னிரண்டுக்கு நுழைந்தது. முன்பக்கமெல்லாம் சேறு. ஒரு கீறல் இல்லை. படத்தில் பூ அப்படியே இருந்தது.

5. கால்

ஆட்கள் இறங்குகிற வரைக்கும் நின்றேன். பிறகு அவரிடம் போய், “தம்பி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். தரைப்பாலம் தாண்டுனா இந்த வண்டி இடதுபக்கம் இழுக்கும். தெரிஞ்சே ஒங்ககிட்டச் சொல்லல,” என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும்ணே. மூணு தரம் மெதுவா மிதிச்சா நேரா நின்னுரும்.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான். அன்னைக்கு வண்டி சொல்ல வந்தப்ப நீங்க அங்கிட்டுத் திரும்பி ஒக்காந்துட்டீங்க. ஒங்க காலு மட்டும் கீழ தகரத்த மிதிச்சுக்கிட்டே வந்துச்சு. தரைப்பாலம் தாண்டி மேல ஏறுனதும் மூணு மிதி. நானும் மிதிச்சுப் பாத்தேன். மொத மிதிக்கு இடதுபக்கம் இழுத்துச்சு, மூணாவதுக்குச் சரியாயிருச்சு. திருப்பம், ஸ்டாப்பு எல்லாமே ஒங்க காலப் பாத்துத்தாண்ணே படிச்சேன்.”

கெண்டைக்கால் வலித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“நீங்க கோவத்துல இருக்கீங்கன்னு தெரியும். காலு கோவப்படல. அது போதும்னு விட்டுட்டேன்,” என்றார்.

அன்றே ரெண்டு பேருமாக முதலாளியிடம் போய்ச் சொன்னோம். மறுநாள் வண்டியை நிறுத்தி இடதுபக்க டிரம்மைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கடைந்தார்கள். இழுப்பு போய்விட்டது. இத்தனை வருஷம் சொத்துபோல் நான் பொத்தி வைத்திருந்தது, பட்டறைக்காரருக்கு அரை நாள் வேலை.

இதைப் படிக்கும் இளைய டிரைவர்களுக்கு: என் பொறாமை ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். என் பழைய வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உள்ளே ஒன்று கடிக்கிறது. வெள்ளிக்கிழமை ராக்கம்மா பூவை நீட்டும்போது நான் நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கம்பெனியில் எந்த வண்டி கை மாறினாலும் இப்போது என்னையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அந்த வண்டியை ஓட்டியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்று விடாமல் வாயால் சொல்ல வைத்து, நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும்போது நான் வாயைப் பார்ப்பதில்லை. குனிந்து காலைப் பார்க்கிறேன்.