தம்பி பார்க்காத நிறம்

தம்பி நினைவாக எழுதச் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல் இல்லை. முன்பின்னாக இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி விழுப்புரம் பக்கம் கெடாரில், எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போனவர் அதிலேயே ஊறிவிட்டார்.

"ஏர் ஓட்டற வூட்டுல பொறந்துட்டு சட்டி வனைஞ்சிக்கினு இருக்கறியேடா" என்றார் பெரியப்பா.

"அதுவும் மண்ணு, இதுவும் மண்ணுதான் பெரிப்பா. இதுக்கு மழை வேணாம்" என்றார் தம்பி.

பிறகு திண்டிவனத்தில் சொந்தமாகச் சூளை வைத்தார். சென்னையில் கண்காட்சி வைத்தார்கள், பேப்பரில் படம் வந்தது. அடுத்த சூளையே மொத்தமும் கோணிப் போனது. பல நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் ஒரு நிறம் இருந்தது. மேல்பூச்சு பூசும்போது எல்லாம் சாம்பல் மாதிரிதான் இருக்கும், வெந்த பிறகுதான் நிறம் தெரியும். கண்காட்சிக்குப் போனவை விற்றுவிட்டன. பிறகு வந்தவற்றில் அந்த நிறம் இல்லையென்று எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்.

"எனக்கு ஒண்ணாச்சும் குடுடா" என்றால், "நல்லது வரட்டும்க்கா, மொதல்ல உனக்குத்தான்" என்பார். அதனால் அவர் கையால் செய்தது எங்கள் யார் வீட்டிலும் இல்லை.

மார்வலி வந்தபோது சூளையில் சாமான் அடுக்கியபடி இருந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தம்பி போய்விட்டார்.

அவரோடு வேலை செய்த நண்பர், காரியத்துக்கு முந்தின நாள் சூளையை மூட்டிக் கொடுத்தார். படத்துக்கு முன் ஒரு கலயமாவது வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

"இன்னும் ஆறலைங்க. நாளைக்குத் தொறக்கலாம்" என்றார் நண்பர்.

"காரியம் இன்னிக்கு. நாளைக்குத் தொறந்து யாருக்குப் படைக்கிறது? ஜல்தியா தொறப்பா" என்றார் பங்காளி ஒருவர்.

திறந்தார்கள். தம்பி மனைவி, "வந்துடுச்சு அண்ணி, அவர் சொன்ன நிறம் வந்துடுச்சு" என்று என் கையைப் பிடித்தாள். அப்போதே ஒவ்வொன்றாக விரிசல் விட ஆரம்பித்தது. சின்னச் சத்தம்தான். காற்றுப் பட்டதும் ஒன்றுகூடத் தேறவில்லை. உடைந்தது வீட்டில் இருக்கக் கூடாது என்று காரியச் சாமான்களோடு ஏரியில் போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆசையில் செய்தது.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அக்கம்பக்கத்தாருக்கும், அந்த நண்பருக்கும், வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

ஒரு விஷயம் மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். நான் அதைப் பச்சை என்கிறேன். தம்பி மனைவி நீலம் என்கிறாள். அன்று கிட்டே நின்று பார்த்தவர்கள் யாராவது அது என்ன நிறம் என்று சொல்லுங்கள்.