சாப்பாட்டிலிருந்து எழும்பாத பகல்

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வலைக்கயிறு பிடித்த விரலுக்குப் பேனை பிடிபடுவதில்லை. எழுத்து கோட்டுக்குள் நிற்காது. எந்த இடத்தில் எந்த றகரம் வரும் என்பதும் பாதி நேரம் குத்துமதிப்புத்தான். பிழை திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, சொல்லில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

நான் கூச்சக்காரன். வேதக்கோயிலில் பூசை நேரம் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு நாள் ‘மாட்டேன்’ என்று சொன்னதைத்தான் எழுதப்போகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் இருபது வருடம் இருந்தோம். கலியாணம் கட்டியதும் அங்கேதான், பிள்ளைகள் இரண்டும் பிறந்ததும் அங்கேதான். மாதத்தில் ஒரு நாள் செக்கிங் நடக்கும். அதிகாரி மேசை போட்டு இருப்பார். பெயர் கூப்பிட்டால் குடும்பத்தோடு போய் அட்டையை நீட்டி நிற்க வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத்தோடு ஓடுவான். சோற்றில் கை வைத்தவன் வாயில் இருந்ததை விழுங்காமல் ஓடுவான். ஆள் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு அரிசி இல்லை. என் மகள் நடை பழகிய கையோடு அந்த மேசைக்கு முன்னால் கையைத் தொங்கப் போட்டு நிற்கவும் பழகினாள்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம் திரும்பி வந்தோம். மன்னார்த் தீவின் தென்கரையில் என் அப்பாவின் காணி உடைமரம் ஏறிக் காடாகக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். மனைவியின் தம்பியும் நானும் ஒரு பழைய வள்ளத்தில் நண்டுத் தொழிலுக்குப் போனோம்.

நண்டு வலையைப் பின்னேரம் விட்டு விடியற்காலையில் எடுப்போம். வலையிலிருந்து நண்டு கழற்றுவது ஒரு ஆளால் முடிகிற காரியம் இல்லை. கால் முறியாமல் கழற்ற வேண்டும், முறிந்ததை நண்டு வாங்க வருகிற லொறிக்காரன் எடுக்கமாட்டான். அதனால் மனைவியும் பிள்ளைகளும் விடிய முதலே சட்டி பானையோடு கரைக்கு வந்துவிடுவார்கள். பகலில் கொட்டிலுக்குள் இருக்கவும் முடியாது, தகரம் கொதிக்கும். சமையலும் சாப்பாடும் கரையில் வலை வைக்கிற ஓலை வாடிக்குப் பக்கத்தில்தான். கொட்டிலுக்குப் படுக்க மட்டும் போவோம்.

அதில்தான் வினை வந்தது. திரும்பி வந்தவர்களுக்குக் கல்வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். குடியிருக்கிறோமா என்று பார்க்க வந்த அதிகாரி ஐயா இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் எங்கள் வேலிப் படலை கட்டிக் கிடந்தது. அடுப்பைக் கிளறிப் பார்த்தாராம், சாம்பல் இல்லை. ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரில் முழுப் பிழை சொல்ல மாட்டேன். பட்டியலுக்குப் பெயர் பதிகிற நாளில் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்து நின்றவர்களும் இருந்தார்கள். மூன்றாம் தரம் வியாழக்கிழமை வருவார், அதுதான் கடைசி என்று அறிவித்தல் வந்தது.

புதன்கிழமை பின்னேரம் மச்சான், மனைவியின் தம்பி, வந்தான்.

“அத்தான், நாளைக்கு வலை எடுக்க நான் வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் வீட்டில நில்லுங்கோ. அடுப்பை மூட்டி நல்லாப் புகை விடுங்கோ. கொடியில நாலு உடுப்புத் தொங்கட்டும். அங்கால ஒருத்தன் ஆடும் இரவல் வாங்கிக் கட்டியிருக்கிறான்.”

“ஆடு வேண்டாம். இந்த மனிசன் நிண்டாலே காணும்” என்றாள் மனைவி.

“நான் நிக்கமாட்டன்” என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“அங்க இருபது வருசம் நிண்டது காணும். இது என்ர அப்பான்ர காணி. நான் எங்க இருக்கிறனோ அங்க வந்து பாக்கட்டும்.”

“வீடு உங்களுக்கு மட்டுமோ? மழை ஒழுகிறது என்ர தலையிலயும்தான்” என்றாள் அவள். பிறகு தம்பியிடம், “வாய் பேசாத மனிசன் எண்டு நம்பிக் கட்டினன். பேசுறதுக்குப் பாத்த நேரத்தைப் பார்” என்றாள்.

காலையில் நான் கடலால் வந்தபோது அவள் கரையில் நின்றாள். “நண்டு செத்தா லொறிக்காரன் எடுக்கமாட்டான். அதுக்குத்தான் வந்தனான்” என்று சொல்லிவிட்டு வலைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

அன்றைக்கு நல்ல பாடு, வலை நிறைய நண்டு. கழற்றிக் கொண்டு போகும்போது ஆறு பெரிய நண்டுகளை நான் பேசின் பாத்திரத்துக்குள் தனியாகப் போட்டேன். கவ்வுகிற கடிகால் இரண்டும் முழுசாக உள்ள, நீலம் மினுங்குகிற நண்டுகள்.

“அது லொறிக்கு” என்றாள் மகள்.

“இது எங்களுக்கு.”

ஊருக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் தின்றதெல்லாம் கால் போன நண்டுதான். மச்சான் சிரித்தான். “அத்தானுக்கு இண்டைக்கு என்னவோ ஏறியிட்டுது” என்றான்.

மனைவி அந்த ஆறையும் எடுத்துப் பிளந்தாள். மூன்று கல்லில் சட்டியை வைத்து, பனைமட்டை எரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, தூளும் புளியும் விட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினாள். அது கொதிக்கிற நேரத்தில் வலையில் கிடந்த இரண்டு ஒட்டி மீனைத் தணலில் சுட்டேன். தோல் கருகி வெடித்து எண்ணெய் வடிந்தது. பிள்ளைகள் சூடு ஆற விடாமல் விரலால் கிள்ளித் தின்றார்கள். நண்டு வெந்து சிவந்து வந்தது. சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தேன். கடிகாலுக்குள் இருந்த சதை வெள்ளையாக, நார் நாராக, இனிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் வீட்டையும் பட்டியலையும் மறந்துபோனேன்.

அப்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கொட்டிலில் ஆளைக் காணாமல் கரைக்குத் தேடி வந்த ஐயா பைலைத் திறந்து என் பெயரை உரத்துக் கூப்பிட்டார்.

என்னைக் கேளாமலே என் உடம்பு எழும்பியது. பக்கத்தில் பார்த்தேன். என் மகளும் எழும்பி நின்றாள். பதினாறு வயதுப் பிள்ளை, கையில் நண்டுக் காலோடு, அந்த மேசைக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றாள்.

“இருங்கோ” என்றாள் மனைவி. அவள் அசையவே இல்லை. “பிள்ளை, நீயும் இரு. சோத்தில இருந்து எழும்பப்படாது.” பிறகு அவரைப் பார்த்து, “நாங்கள் சாப்பிடுறம் ஐயா. நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிடுங்கோ. வேண்டாமெண்டா வள்ளத்தடியில நிழல் கிடக்கு, இருங்கோ. முடிச்சிட்டு வாறம்” என்றாள்.

“எனக்கு இன்னும் கனக்க வீடு பாக்கக் கிடக்கு அம்மா.”

“அப்ப அதுகளைப் பாத்திட்டு வாங்கோ. நாங்கள் எங்கயும் போகேல்ல.”

“வீட்டில ஆக்கள் இல்லையெண்டுதான் நான் எழுதவேண்டி வரும்.”

நான் இருந்தபடியே சொன்னேன். “ஆள் இல்லை எண்டு எழுதாதேங்கோ ஐயா. கரையில இருந்து நண்டு சாப்பிட்டவை எண்டு எழுதுங்கோ.”

மச்சான் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினான். ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியை ஒருமுறை பார்த்தார், எங்களைப் பார்த்தார், பைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் திரும்பவும் சோற்றில் கை வைத்தேன். கடிகாலை உடைக்க முடியவில்லை. மகள் அதை வாங்கிக் கல்லால் தட்டி என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். சட்டியின் அடி தெரியும் வரைக்கும் இருந்து சாப்பிட்டோம்.

முதல் பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை. அடுத்த பட்டியலுக்கு இரண்டு வருடம் சென்றது. அதற்கு வந்தவர் வேறு ஆள், நேரே கரைக்கே வந்து பார்த்தார். அதில் பெயர் வந்தது. இடையில் இரண்டு மாரி மழையும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான். ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, நனையாத மூலையில் நாலு பேரும் ஒடுங்கி இருப்போம்.

அப்படி இருக்கும்போது மனைவி கேட்பாள். “எப்பிடி? நண்டு ருசியா இருந்ததோ?”

“ஓம், ருசியாத்தான் இருந்தது. நீயுந்தானே எழும்பாம இருந்தனி?”

“இருந்தனான்தான். ஆர் இப்ப இல்லையெண்டது?” என்று சொல்லிவிட்டு, நிறைந்த பாத்திரத்தை வெளியே ஊற்றப் போவாள்.

2018 புரட்டாதி 9, ஞாயிற்றுக்கிழமை