அப்பாவின் இரண்டு நிமிடம்

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அப்பாவுக்குக் காது போயிற்று. ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தார். ஆற்றங்கரையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, கூடவே இருந்த நண்பர் தகரக் குவளையைத் தூக்கிக் காட்டி, "டேய், டீ ஆறுதுடா, வா" என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா திரும்புவதற்குள் குண்டு விழுந்தது. நண்பர் அங்கேயே போய்விட்டார். அப்பாவின் காதில் கடைசியாக விழுந்தது அந்தக் குரல்தான்.

அதன் பிறகு பிறந்த என் குரலை அவர் கேட்டதே இல்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் தம் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ரகசியம் என்று நினைத்து அவர் சொல்வது ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும், அந்தப் போரின் வெற்றி நாளன்று, அல்சூர் பக்கத்து மைதானத்துக்குப் பழைய வீரர்களைக் குடும்பத்தோடு அழைப்பார்கள். ஒரு வருடம் மௌன அஞ்சலியின் நடுவில் அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டுவிட்டார். பின்வரிசையில் சில இளவட்டங்கள் களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்த முகங்கள் தெரிந்தன.

"செத்தவனுக்காக ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு நிக்க முடியல என்னால" என்று சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். அப்படிச் சிரித்தவர்களை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

அடுத்த வருடம், போர் முடிந்து இருபத்தைந்தாம் ஆண்டு. வரமாட்டேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். நான் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "உன் கைய நான் புடிச்சிக்கிறேன்பா. ஒரு தடவ அழுத்துனா ஆரம்பம். ரெண்டு தடவ அழுத்துனா முடிஞ்சிடுச்சு. நடுவுல பேசாத, அவ்ளோதான்."

அப்பா பதக்கங்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

டிசம்பர்க் குளிரில் ஷாமியானாவின் கீழ் காத்திருந்தோம். சிறப்பு விருந்தினர் என்றால் தாமதமாக வரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ! கிழவர்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுங்கியதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவழியாக அவர் வந்து மலர் வளையம் வைத்தார். எல்லோரும் எழுந்தோம். நான் அப்பாவின் கையை ஒருமுறை அழுத்தினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்து ஊதுகுழல் ஒலித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்துகொண்டே அப்பாவின் கையை இரண்டு முறை அழுத்தினேன். அப்பா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேடையில் ஒருவர் பேசுவதற்காக மைக்கின் முன்னால் வந்து நின்றார். பதறிப்போய், இன்னும் பலமாக இரண்டு முறை அழுத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே, என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி அப்பா சொன்னார்: "புரிஞ்சுதும்மா. அவன் டீ ஆறுதுன்னு கூப்பிடறான். கொஞ்ச நேரம் கேட்டுட்டு உக்காந்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்தவர் மைக்கை விட்டு விலகித் தலைகுனிந்து நின்றார். நானும் எழுந்து, பிடித்த கையை விடாமல் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். அதன் பிறகு அழுத்தவில்லை.