செவில் நகரத்து மதிய வெயில்

தொண்ணூறுகளில், கனடியக் குடியுரிமை கிடைத்த முதல் கோடையில், ஸ்காபரோவிலிருந்து நானும் கணவரும் ஸ்பெயினின் செவில் நகருக்குப் போனோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரே கதவடைத்து உறங்கிய மதிய வெயிலில், "இஞ்சாருங்கோ, இன்னும் ஒரு கோபுரம்தான்!" என்று அவரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு சந்தில், "தலை சுத்துதப்பா" என்றபடி அவர் ஒரு வீட்டு வாசலில் சரிந்தார். மாடியிலிருந்து ஒரு பெண் கையை வீசிக் கத்தினாள். துரத்துகிறாள் என்று பயந்து, "கனடா! கனடா!" என்று கடவுச்சீட்டை உயர்த்திக் காட்டினேன்.

அவள் அதைப் பார்க்கவேயில்லை. ஓடிவந்து அவரை உள்ளே தாங்கிப்போய், ஈரத்துணியால் முகம் துடைத்து, தண்ணீர் பருக்கினாள். அவர் கண் திறந்தபோது என்னைவிடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.

சத்தம் போடுகிறவர்கள் எல்லாரும் துரத்துகிறவர்கள் அல்ல. போருக்குத் தப்பி ஓடிவந்த நான் அதை அன்றுதான் நம்பினேன்.